துலுக்கானம் ஊடு

மண்ணூர்பேட்டை
12-8-2024

நஜ்மா அவர்களுக்கு,

அன்னிக்கு இந்த ஊட்ல இருந்தவங்க பேரை மொதல்ல எழுதிடறேன். அப்பால யாரும் மாத்திச் சொல்லக் கூடாது. நான், நாகவல்லி. எம் பேத்தி கவிப்பிரியா, நெறமாசம், வலி எடுத்துகினு. அவ புருஷன் உதயகுமார். அவனைப் பெத்த சுரேகா. வாசல்ல ஆட்டோவோட தட்சிணாமூர்த்தி. அப்பறம், உதயகுமார் கையில இருந்த போனுக்குள்ள உன் பேத்தி அஃப்ஷீன். ஆறு பேரு. அவ்ளோதான்.

இன்னாடா இது, பத்து நம்பரை அமுக்கினா பேசிடலாமே, லெட்டர் எழுதறாளேன்னு பாப்ப. அன்னிலேர்ந்து நான் போனைத் தொடறதில்ல. மணி அடிச்சா எழுந்து வாசலுக்குப் போயிடறேன்.

கவிக்கு ஆஸ்பத்திரின்னா ஆவாது. ஏன்னு உனக்குத் தெரியும். அவளுக்கு அஞ்சு வயசு இருக்கறப்ப அவ அம்மா, எம் பொண்ணு அனுசுயா, ரெண்டாவது பிரசவத்துக்குத் துணிப்பையை மாட்டிகினு சிரிச்சிகினே ஆஸ்பத்திரிக்கு நடந்து போனா. திரும்பி வரல. அந்தப் பை மட்டும்தான் வந்துச்சு. அந்தப் பையை இந்தப் பொண்ணு எத்தினி ராத்திரி கட்டிகினு படுத்திருக்கும்னு நீயே பாத்திருக்க. அவ, "ஆயா, நான் ஊட்லதான் பெத்துப்பேன்"னு நின்னா நான் இன்னா பண்றது?

உன் பேத்தி நம்பரைக் குடுத்தவ நான்தான். ஊட்ல பெத்துக்கணும்னு நெனைக்கிற பொம்பளைங்களுக்கு போன்ல பேசறதுக்கு நர்ஸுங்க மூணு பேரு சேந்து ஒரு லைன் வச்சிருக்காங்க, அதுல ஒருத்தி எங்க நஜ்மா பேத்தின்னு பெருமையா சொன்னேன். அஃப்ஷீனும் நல்லாத்தான் பேசினா. "ஆயா, நான் ஊட்ல பெத்துக்கோன்னும் சொல்ல மாட்டேன், வேணாம்னும் சொல்ல மாட்டேன். ஆனா செக்கப் ஒண்ணு விடக் கூடாது. வலி எடுத்ததுலேர்ந்து வாசல்ல ஒரு வண்டி நிக்கணும். நான் கெளம்புன்னா கெளம்பணும்"னா. உன்னை மாதிரியே மூக்கால பேசறா. எனக்கு அந்தக் குரலு புடிச்சிருந்துச்சு. அதான் இப்ப எரியுது.

அன்னிக்குப் பகல்ல, சோத்து நேரம். வலி நெருங்கி வருது. நம்ம பழைய லைன் ஊட்டு வழக்கம் போல, பிரசவம் லேசா ஆவணும்னு, நான் எல்லாப் பூட்டையும் தொறந்தேன். பீரோ, டிரங்குப் பொட்டி, பின் கதவு, வாசல் கேட்டு, அரிசி டின்னு மூடி கூட. தண்ணி ஒடைஞ்சுது. பாத்தேன். கீரை அலசின தண்ணி கணக்கா பச்சை, புள்ள உள்ளயே மலம் கழிச்சிடுச்சு. "அஃப்ஷீன், தண்ணி பச்சையா கீதும்மா"ன்னு கத்தினேன். சத்தம் இல்ல. போன் இருண்டு போச்சு. "கட் பண்ணிட்டா ஆயா, பயந்துட்டா போலிருக்கு"ன்னான் உதயகுமார். நான் போனைப் புடுங்கினேன். அது பூட்டிகினு கீது. ஊட்ல எல்லாப் பூட்டையும் தொறந்து வச்சவளுக்கு அந்த ஒரு பூட்டைத் தொறக்கத் தெரியல.

வாசலுக்கு ஓடினா தட்சிணாமூர்த்தி ஆட்டோ இல்ல. 108 வந்து பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிகினு போயி, வயித்தைக் கீறித்தான் எடுத்தாங்க. பொம்பளைப் புள்ள. கண்ணாடிப் பொட்டிக்குள்ள எம்மாம் நாள் கெடந்துச்சு. இப்பதான் ஊட்டுக்கு வந்திருக்கு. மூச்சு உடறப்ப இன்னும் லேசா கொர்ருங்குது.

வலியில கெடக்கறவளை நடுவுல உட்டுட்டுப் போற குடும்பமா நஜ்மா உன் குடும்பம்? நம்ம சங்காத்தம் இத்தோட சரி.

இப்படிக்கு
நாகவல்லி

*

பூந்தமல்லி
21-8-2024

அன்புள்ள நாகு,

"நஜ்மா அவர்களுக்கு"ன்னு போட்டிருந்தியே, வேற எந்த நஜ்மாவுக்கோ வந்த தபாலோன்னு உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இத்தனை வருஷத்துல உன்கிட்ட எத்தனையோ பேச்சு வாங்கியிருக்கேன். மரியாதை வாங்கினது இதான் முதல் தடவை. அதுதான் ரொம்ப வலிச்சுது.

லெட்டர்னா எனக்கு அந்த ராத்திரி கிளாஸ்தான் ஞாபகம் வருது. பால்வாடி ஷெட்ல அரிக்கேன் வச்சு நம்ம லைன் பொம்பளைங்களுக்கு எழுதக் கத்துக் கொடுத்தாங்களே. ஆளுக்கொரு சிநேகிதிக்குக் கடிதம் எழுதுங்கன்னா டீச்சரம்மா. எனக்கு நீ எழுதினே, உனக்கு நான் எழுதினேன். நடுவுல ஒரே ஒரு செவுரு. தபால்காரன் உன் கதவுலேர்ந்து என் கதவுக்கு வர ஆறு நாள் ஆச்சு. தினமும் நீ செவுத்துக்கு அந்தாண்ட நின்னு "அக்கா, வந்துச்சா?"ன்னு கத்துவே. வந்ததைப் பிரிச்சா உள்ளே இருந்தது, "என் அன்னக்கூடையைத் திருப்பிக் கொடு." நான் விழுந்து விழுந்து சிரிச்சதுல உன் வீட்டுக்காரர் ஓடி வந்தாரு, யாருக்கோ வலிப்புன்னு.

சரி, விஷயத்துக்கு வரேன். அஃப்ஷீன் போனை வைக்கலை நாகு. நீ "தண்ணி"ன்னு ஆரம்பிச்சது அவ காதுல விழுந்திருக்கு. அதுக்கு முன்னாலயே, நீ பூட்டெல்லாம் தொறக்கப் போயிருந்தப்ப, வலியோட சத்தம் சரியில்லைன்னு "ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க, வண்டி நிக்குதா"ன்னு கேட்டிருக்கா. "நிக்குதுக்கா"ன்னு உன் பேத்தி வீட்டுக்காரர் சொல்லியிருக்காரு. அப்புறம் லைன் செத்துடுச்சு. திரும்பத் திரும்ப அடிச்சா. எடுக்கலை, அப்புறம் சுவிட்ச் ஆஃப். 108-க்குச் சொன்னதே அவதான்.

உன் பேத்தி வீட்டுக்காரர் நர்ஸ் பதிவு ஆபீஸுக்குப் புகார் எழுதிக் கொடுத்திருக்காரு. நர்ஸம்மா தைரியம் சொல்லிட்டு நடுவுல போனை வச்சுட்டாங்கன்னு. அடுத்த மாசம் பதினெட்டாம் தேதி விசாரணை. அவளோட நர்ஸ் பதிவையே எடுத்துடுவாங்களாம். எடுத்துட்டா அவ வேலை மட்டும் போகாது. ஆஸ்பத்திரிக்குப் போகவும் பயந்துக்கிட்டு, கேட்க ஆளும் இல்லாம இருக்கிறவங்களுக்கு இருந்த ஒரு குரலும் போயிடும். அவங்க அதனால ஆஸ்பத்திரிக்குப் போயிட மாட்டாங்க நாகு, தனியா பெத்துப்பாங்க. அவ சாப்பிடறதில்லை. மெட்ரோக்காரன் தோண்டற சத்தத்துல எங்க தெருவே தூங்கறதில்லை, அதுல இவ முழிச்சிருக்கறது யாருக்கும் தெரியலை.

அந்த அறையில இருந்தவ நீ. நீ வந்து ஒரு வார்த்தை சொன்னா போதும்.

கோபப்படாதே, ஒண்ணு கேக்கறேன். கவிக்கு லைன் வீட்டுப் பிரசவக் கதையெல்லாம் சொல்லிச் சொல்லித்தானே வளர்த்தே. மூணாம் வீட்டு பவுனம்மா கதையைச் சொன்னியா?

உன்
நஜ்மா

*

மண்ணூர்பேட்டை
2-9-2024

நஜ்மாவுக்கு,

பவுனம்மா கதையைப் புள்ளத்தாச்சிகிட்ட யாராச்சும் சொல்வாங்களா? நல்லா கேட்ட கேள்வி. நச்சுக்கொடி எறங்காம அந்தப் பொம்பளை நம்ம கண்ணு முன்னால வெளுத்துகினே போனதை நான் மறக்கல. பாயைக் கழுவினவ நான். நீ தண்ணி ஊத்தின. எனக்கா ஞாபகம் இல்ல?

எனக்கு எல்லாம் ஞாபகம் கீது. அன்னக்கூடையை ஓரம் நசுங்கித் திருப்பிக் குடுத்ததும் ஞாபகம் கீது, அதையே மறுபடி வாங்கிகினு போயி இன்னி வரைக்கும் தராததும் ஞாபகம் கீது. உன் பெரிய பையன் கல்யாணத்துல என்னைப் பந்தி கடைசியில உக்கார வச்சதும். எல்லாத்துக்கும் மேல, நீ லைனைக் காலி பண்ணது. ஒரு வார்த்தை சொல்லல. காலையில டெம்போ வந்து நிக்குது, யாருதுன்னு நான் போயி வேடிக்கை பாக்கறேன், உன் தையல் மிஷினு ஏறுது. "பூந்தமல்லி கிட்டதானே நாகு, ஒரு பஸ்ஸு"ன்ன. கிட்டதான். அன்னிக்கு ராத்திரி நான் செவுத்தைத் தட்டினேன் அக்கா. அந்தாண்ட சத்தம் இல்ல.

அக்கான்னு எழுதிட்டேன். அடிச்சா பேப்பர் அசிங்கமாவும், கெடக்கட்டும்.

அனுசுயா பொறந்த நாளு உனக்கு எம்மாம் ஞாபகம் கீதோ தெரியாது, நான் சொல்றேன். எஸ்டேட் கம்பெனில மொத ஷிப்ட் சங்கு ஊதறப்ப வலி வந்துச்சு. லைன்ல எட்டு ஊடு. எட்டு ஊட்டுப் பூட்டும் தொறந்தாச்சு. வட்டிக்காரனுக்குப் பயந்து எப்பவும் பூட்டியே வச்சிருப்பாளே கடைசி ஊட்டுக்காரி, அவ கூடத் தொறந்தா. நீ எனக்குப் பின்னால உக்காந்து என் முதுகை உன் நெஞ்சுல தாங்கிகினு, "தள்ளுடி, உன் மாமியாரைத் திட்டறதா நெனச்சிகினு தள்ளு"ன்ன. எம் மாமியாரை உட்டுட்டு உன் மாமியாரைத் திட்டித்தான் நான் தள்ளினேன், அது உனக்கு இன்னிக்குத்தான் தெரியும். வெளிய எங்க ஊட்டுக்காரரு வெந்நி போடறேன்னு அடுப்புல வெறும் அண்டாவை வச்சு அடி தீஞ்சு போச்சு. உங்க ஊட்டுக்காரரு அமீருதீன் அண்ணன், "துலுக்கானம், மொதல்ல தண்ணி ஊத்துய்யா, அப்பால அழு"ன்னாரு. புள்ள கத்தினதும் ரெண்டாவது சங்கு. கம்பெனியே அவளுக்குத்தான் ஊதுதுன்னு அந்த மனுஷன் லைன் பூராச் சொல்லிகினு திரிஞ்சாரு.

எங்க ஊட்டுக்காரரு நெனப்பு வந்ததால சொல்றேன். அன்னிக்கு 108 வந்ததுல ஒரு அதிசயம். கேட்டாண்ட வண்டி நின்னுச்சு, ஒரு பையன் எறங்கி, "துலுக்கானம் ஊடு இதானா?"ன்னு கொரல் குடுத்தான். அவரு போயி ஒம்பது வருஷம் ஆச்சு. தெருவுல அந்தப் பேரு தெரிஞ்சவங்க பாதி பேரு இல்ல, மீதி பேரு வித்துட்டுப் போய்ட்டாங்க. உதயகுமார் கேட்ல "உதயம் இல்லம்"னு பளபளன்னு போர்டு மாட்டிக்கீறான், கொரியர்காரன் முதக்கொண்டு அதைத்தான் சொல்றான். அந்த நேரத்துல அந்தப் பேரைக் கேட்டதும், அவரே வண்டியைக் கூட்டிகினு வந்துட்டாருன்னு எனக்கு ஒடம்பு சிலுத்துப் போச்சு.

அதனால 108-ஐக் கூப்ட்டது உன் பேத்தின்னு கதை உடாத. உதயகுமார்தான் கூப்ட்டான். அவனே சொன்னான். நான் எந்த விசாரணைக்கும் வரல.

நாகவல்லி

*

பூந்தமல்லி
9-9-2024

நாகு,

அந்தப் பேரைச் சொன்னவ நான்.

இதை எழுதக் கூடாதுன்னுதான் போன லெட்டர்ல விட்டேன். உதவி பண்ணினதைச் சொல்லிக் காட்டற மாதிரி ஆயிடும்னு. நீயே எழுதின பிறகு வாயை மூடிக்கிட்டு இருக்க முடியலை.

நான் முருங்கைக்கீரை ஆஞ்சிக்கிட்டிருந்தேன். அஃப்ஷீன் போனைக் காதுல வச்சுக்கிட்டே ஓடி வந்தா. "நன்னிமா, 108-ல இருந்து கேக்கறாங்க. ஏழாவது தெரு உதயம் இல்லம்னு சொன்னேன். அந்தப் பக்கம் ஏழாவது தெரு ரெண்டு இருக்காம், எதுன்னு தெரியலையாம்"னா. நான் போனை வாங்கினேன். எனக்கு எந்த இல்லமும் தெரியாது நாகு. எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன். "கம்பெனி கேட்டைத் தாண்டி லெஃப்ட்டு தம்பி. பாதாம் மரம். துலுக்கானம் ஊடுன்னு கேளு, பொட்டிக்கடைப் பெரியவரு காட்டுவாரு. கேட்டு தொறந்துதான் இருக்கும், தட்டிக்கிட்டு நிக்காதே, நேரா உள்ளே போ."

கேட்டு தொறந்திருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்னு அஃப்ஷீன் கேட்டா. உள்ளே வலி கண்டிருக்கே, நாகு எந்தப் பூட்டையும் பூட்டி வச்சிருக்க மாட்டான்னேன்.

அப்புறம் நான் கீரையை ஆயலை. அவளும் நானும் போனை நடுவுல வச்சுக்கிட்டு உக்காந்திருந்தோம். உன்கிட்டேர்ந்து ஒரு சத்தம் வரும்னு.

டெம்போ விஷயம். முதல் நாள் ராத்திரி சொல்லணும்னுதான் உன் கதவு வரைக்கும் வந்தேன். நீ அனுசுயாவுக்கு ஜடை பின்னிக்கிட்டிருந்தே. அவ ஏதோ சொல்ல நீங்க ரெண்டு பேரும் சிரிச்சீங்க. என்னால முடியலை, திரும்பிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. நீ செவுத்தைத் தட்டினது இத்தனை வருஷம் கழிச்சு இப்ப கேக்குது.

விசாரணைக்கு வரச் சொல்லி மறுபடி கேக்க மாட்டேன். வாசல்ல நின்ன ஆட்டோக்காரரை மட்டும் கேளு, அன்னிக்கு அவர் எங்க போனாருன்னு. எது தெரிஞ்சாலும் அந்தப் பையனை மன்னிச்சுடு. குழந்தைக்கு அப்பன். பயத்துல ஏதோ பண்ணியிருப்பான்.

நஜ்மா

*

மண்ணூர்பேட்டை
29-9-2024

அக்கா,

அஃப்ஷீன் வந்து எல்லாம் சொல்லியிருப்பா. ஆனா அவ விசாரணையில பாத்ததைத்தான் சொல்லியிருப்பா. மீதியை நான் சொல்றேன்.

உன் லெட்டர் வந்த அன்னிக்கு முழுக்க நான் ஒண்ணும் சாப்பிடல. சாய்ங்காலம் தட்சிணாமூர்த்தி ஸ்டாண்டுக்குப் போனேன். "இன்னா நைனா, அன்னிக்கு ஊட்டு வாசல்ல நிக்கறேன்னு ஒத்துகினு எங்க போயிட்ட?"ன்னேன். அவன் டீ கிளாஸைக் கீழ வச்சான். "ஆயா, நானா எங்க போனேன்? உங்க பேத்தி ஊட்டுக்காருதான் 'இப்ப வேணாம், வேற சவாரி இருந்தா பாத்துக்கோ'ன்னாரு. ஆஸ்பத்திரி வண்டி மாதிரி வாசல்ல நிக்கறது நல்லா இல்லைன்னாரு. நீங்க சொல்லித்தான் அனுப்பறாருன்னு நெனச்சிகினேன்." கத்திப் பேசற ஆளு, மெதுவாச் சொன்னான்.

ஊட்டுக்கு வந்தேன். கவி புள்ளைக்குப் பால் குடுத்துகினு இருந்தா. பக்கத்துல உக்காந்தேன். "கவி, போனை யாரு அணைச்சது?"

புள்ளையை மறு பக்கம் மாத்திப் போட்டா.

"உன் அம்மா இருந்தா அவகிட்ட சொல்வல்ல?"

"அவர் பயந்துட்டாரு ஆயா"ன்னா.

"பயந்தா போனை அணைப்பாங்களா?"

"அஃப்ஷீன் அக்கா ஆஸ்பத்திரின்னு கத்தறது வீடியோவுல விழுதுன்னாரு."

அப்பதான் எனக்கு அந்தச் செல்லு நெனப்புக்கு வந்துச்சு. அவன் அம்மா சுரேகா போனை டிவி மேல சாய்ச்சு வச்சு அன்னிக்குக் காலையிலேர்ந்து படம் புடிச்சிகினு இருந்தானே. ஊட்லயே பெத்துக்கறோம்னு அவனை மாதிரி ஆளுங்க ஒரு கூட்டம் போன்ல கீதாம், அவங்களுக்குக் காட்டறதுக்கு. இப்ப அந்தப் படத்தையும் அழிச்சுட்டான். கவிக்குப் பயம், ஊட்ல பெத்துக்கணும்னு ஆசைப்பட்டா. அதுல தப்பு இல்ல. அவனுக்கு அந்தப் பயம் கூட இல்ல. அவனுக்கு வேண்டியது படம்.

"இதை நான் போயி சொல்லப் போறேன், உன் புருஷனாச்சேன்னு பாக்க மாட்டேன்"னேன். கவி என்னைப் பாக்காமலே, "புள்ளைக்கு மூச்சு வாங்கறப்பல்லாம் அந்த அக்கா குரலுதான் ஆயா எனக்குக் கேக்குது. போய்ச் சொல்லு"ன்னா.

விசாரணையில நீளமா ஒரு மேஜை, நாலு பேரு. உதயகுமார் ஒரு ஓரம், உன் பேத்தி ஒரு ஓரம். நேர்ல பாத்தா எவ்ளோ ஒல்லி அக்கா அது. நான் பேரு பேராச் சொன்னேன், அன்னிக்கு யாரு எங்க நின்னாங்க, யாரு இன்னா பேசினாங்கன்னு. ஒரு ஆபீசரு, "பாட்டி, இவ்ளோ வயசுல இவ்ளோ கரெக்டா ஞாபகம் இருக்குமா?"ன்னாரு. "நசுங்கின அன்னக்கூடைக்கே எனக்கு முப்பது வருஷ ஞாபகம் கீது சார், எம் பேத்தி கத்தினது இருக்காதா?"ன்னேன். அவருக்குப் புரியல. அஃப்ஷீனுக்குப் புரிஞ்சு அழுதுகினே சிரிச்சா.

108 பையனையும் வரவழைச்சிருந்தாங்க. "வழி சொன்னது ஒரு வயசான அம்மா. துலுக்கானம் ஊடுன்னாங்க"ன்னான். உதயகுமார் தரையைப் பாத்துகினு இருந்தான். கடைசியில கைநாட்டு வைக்க மைப்பொட்டியை நீட்டினாங்க. தள்ளி வச்சுட்டுப் பேனாவைக் கேட்டேன். நாகவல்லின்னு முழுசா எழுதினேன். 'ல்' பதிலு 'ள்' போட்டு டீச்சரம்மாகிட்ட நீ குட்டு வாங்கித் தந்தியே, அது சரியாத்தான் வந்துச்சு.

முடிவு எழுத்துல வருமாம். நர்ஸ் வேலைக்குப் பாதகம் வராதுன்னு அந்த ஆபீசரு எழுந்திருக்கறப்ப மெள்ளச் சொன்னாரு. லைனு இருக்குமா, அதைத் தெரியலன்னாரு. மறுபடி யாராச்சும் பொம்பளை அஃப்ஷீனைக் கூப்ட்டா ஒண்ணு சொல்லச் சொல்லு: போனைப் புருஷன் கையில குடுக்காத, பூட்டைத் தொறக்கத் தெரிஞ்ச பொம்பளை கையில குடு. கவி எனக்கு அந்தப் பூட்டைத் தொறக்கச் சொல்லிக் குடுத்துட்டா. கோடு இழுக்கணும், கோலம் மாதிரி. ஒரு நாள் நானே உனக்கு அடிப்பேன், எடு.

மொத லெட்டர்ல ஆறு பேருன்னு எழுதிட்டேன். இல்ல. ஏழு. நீயும் அன்னிக்கு இந்த ஊட்ல இருந்த. எங்க ஊட்டுக்காரரைச் சேத்தா எட்டு. எட்டு ஊட்டு லைனு மாதிரி.

வர்ற ஞாயித்துக்கிழமை புள்ளைக்குப் பேரு வைக்கறோம். அனுசுயான்னே வைக்கச் சொல்லிக் கவி ஒரே அடம். நீ மொத நாளே வந்துடு, பந்தியில மொத எலை உனக்கு, நான் உன்னை மாதிரி இல்ல. அன்னக்கூடையைக் கொண்டா, பொங்கறதுக்கு வேணும். நசுங்கின ஓரம் எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியும், வேறயை வாங்கிகினு வந்து ஏமாத்தாத.

இப்படிக்கு
துலுக்கானம் ஊட்டு நாகு

பின்குறிப்பு: மன்னிச்சுடுன்னு எழுதியிருந்த. உன்னை மன்னிச்சுட்டேன், டெம்போவோட சேத்து. அஃப்ஷீன்தான் என்னை மன்னிக்கணும், கேட்டுச் சொல்லு. சுரேகா அன்னிக்குச் சாமி படத்தாண்ட உக்காந்து அழுதது நெசமான அழுகை, உட்டுட்டேன். தட்சிணாமூர்த்தி அறியாதவன். எம் பொண்ணைத் திருப்பித் தராத ஆஸ்பத்திரின்ற எடத்தைக் கூட, கொள்ளுப் பேத்தியைக் குடுத்தப்ப உட்டுட்டேன். மிச்சம் ஒருத்தன். அவன் இந்த ஊட்லதான் கீறான். நேரத்துக்குச் சோறு போடறேன், புள்ளையை அவன் மடியில குடுக்கறேன், புள்ளை அவனைப் பாத்துச் சிரிச்சா நானும் சிரிக்கறேன். ஆனா ஒவ்வொரு தபாவும் அது மூச்சு கொர்ருங்கறப்ப எனக்கு ஒரு பேருதான் வருது, சாவற வரைக்கும் அதுதான் வரும். தப்பில்லாம எழுத உன்கூடத்தானே கத்துகினேன், எழுதறேன்: உதயகுமார்.